பாமாயிலுக்குத் தரும் வரிச் சலுகையைத் திரும்பப் பெறுங்கள்: கடைமடைத் தென்னை விவசாயிகளின் கோரிக்கை

பட்டுக்கோட்டை, பேராவூரணி, சேதுபாவாசத்திரம், மதுக்கூர், ஒரத்தநாட்டின் தென்பகுதி, திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை எனக் காவிரிப் பாசனத்தின் கடைசி ஊர்களில் தென்னையை நம்பி வாழும் குடும்பங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கோரிக்கையை எழுப்பி வருகின்றன. வெளிநாட்டுப் பாமாயிலுக்கு அளிக்கப்படும் சுங்க வரிச் சலுகையைத் திரும்பப் பெற வேண்டும் என்பதே அது. மனு கொடுத்தோம், மறியல் செய்தோம், சாலையில் தேங்காயை உடைத்தும் காட்டினோம். ஆட்சிகள் மாறின, அதிகாரிகள் மாறினர். கப்பலில் வந்து இறங்கும் எண்ணெயின் அளவு மட்டும் குறையவில்லை.

தஞ்சை நெற்களஞ்சியத்தில் தென்னைக்கு என்ன வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1934-ல் கல்லணைக் கால்வாய் பாசனத்துக்கு வந்தபோது, அதுவரை மானாவாரியாகக் கிடந்த பட்டுக்கோட்டைச் சீமைக்கும் காவிரி நீர் கிடைத்தது. புது ஆறு என்றே எங்கள் ஊர்களில் அதை அழைக்கிறோம். ஆனால், பிற்காலத்தில் மேட்டூரில் நீர் குறைந்த ஒவ்வோர் ஆண்டும் முதலில் காய்ந்தது கடைமடைதான். முறை வைத்துத் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் கருகிவிடும். இப்படிப் பலமுறை நட்டப்பட்ட பிறகுதான் பலர் நெல்லை விட்டுவிட்டுக் கொல்லையில் தென்னம்பிள்ளை வைத்தனர். ஆற்று நீர் தவறினாலும் போர் தண்ணீரில் பிழைக்கும், நாற்பது ஐம்பது ஆண்டுகள் காய் தரும், பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் கைகொடுக்கும் என்பதே அவர்கள் போட்ட கணக்கு. அரசின் தோட்டக்கலைத் துறையும் வங்கிகளும் அன்று அதையே ஊக்குவித்தன. 1958-லேயே வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது, இந்த மண் தென்னைக்கு ஏற்றது என்பதால்தான்.

இந்தத் தொழிலில் தோப்பு வைத்திருப்பவர் மட்டும் இல்லை. மரம் ஏறுபவர், காய் உரிப்பவர், கொப்பரைக் களத்தில் காய் உடைத்துக் காய வைக்கும் பெண்கள், கீற்று முடைபவர்கள், கயிறு ஆலைத் தொழிலாளர், லாரியில் ஏற்றி இறக்குபவர், செக்கு ஓட்டுபவர் என ஒரு தேங்காயின் விலையில் பல வீடுகளின் உலை கொதிக்கிறது. விலை விழுந்தால் தோப்புக்காரர் வெட்டைத் தள்ளிப்போடுவார். வெட்டு தள்ளிப்போனால் அந்த மாதம் இத்தனை பேருக்கும் கூலி இல்லை. கடைவீதியில் இருக்கும் மளிகைக் கடைக்காரர்கூடத் தேங்காய் விலையைக் கேட்டுவிட்டுத்தான் கடன் கொடுப்பார்.

இத்தனை பேரின் பிழைப்பை ஒரு சர்வதேச ஒப்பந்தம் அசைத்தது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடன் இந்தியா சரக்கு வர்த்தக உடன்படிக்கையில் 2009 ஆகஸ்டு 13-ல் கையெழுத்திட்டது. அது 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கச்சா பாமாயில் மீது 80 சதவீதம் வரையும், சுத்திகரிக்கப்பட்ட பாமாயில் மீது 90 சதவீதம் வரையும் வரி விதிக்க இருந்த உரிமையை ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைத்து, முறையே 37.5 சதவீதம், 45 சதவீதம் என்ற உச்சவரம்புக்குள் கொண்டுவர அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பாமாயில் உற்பத்தியில் உலகின் முதல் இரண்டு நாடுகளான இந்தோனேசியாவும் மலேசியாவும் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள். மலேசியாவுடன் 2011-ல் தனி ஒப்பந்தம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. கேரளத்தில் 2009 அக்டோபர் 2-ல் இந்த உடன்படிக்கையை எதிர்த்து மாநிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மனிதச் சங்கிலி நடந்தது. நம் பகுதியில் அன்று அதன் விளைவை உணர்ந்தவர்கள் குறைவு. உணர்ந்தவர்களின் குரலும் மேலிடம் வரை எட்டவில்லை.

உடன்படிக்கை விட்டுவைத்த உச்சவரம்பாவது எங்களுக்கு வேலியாக நின்றிருக்கலாம். அந்த வேலியையும் நம் ஆட்சியாளர்களே தாழ்த்தினார்கள். 2018 மார்ச்சில் கச்சா பாமாயில் மீதான வரி 44 சதவீதம். ஒப்பந்தப்படி அது 2019 தொடக்கத்தில் 40 ஆகவும், 2020 தொடக்கத்தில் 37.5 ஆகவும் குறைந்தது. அதன் பிறகு நடந்த குறைப்புகளை எந்த ஒப்பந்தமும் கேட்கவில்லை. நகரங்களில் எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் வரி வெட்டப்பட்டது. 2022 பிப்ரவரியில் செஸ், கூடுதல் வரி எல்லாம் சேர்த்தே 5.5 சதவீதம் என்ற நிலைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில் 44-லிருந்து 5.5. அந்த 5.5 சதவீதம் 2024 செப்டம்பர் நடுப்பகுதி வரை நீடித்தது.

அந்த இரண்டரை ஆண்டுக்குள் இங்கே என்ன நடந்தது என்பதைக் கடைமடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2023-ல் தோப்பில் ஒரு தேங்காய் பத்து ரூபாய்க்கும் கீழே போனது. கொப்பரைக்கு அரசே அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், அதாவது கிலோ 108 ரூபாய் 60 காசு. வெளிச்சந்தையில் கிலோ 80 ரூபாயை ஒட்டித்தான் கேட்டார்கள். பறிப்புக் கூலி, பொறுக்கிச் சேர்க்கும் கூலி, உரிப்புக் கூலி, வண்டி வாடகை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைக் கழித்தால் கையில் நிற்பது ஒன்றுமில்லை. மரத்தடியிலேயே காய் முளைவிட்டதைப் பார்த்தோம். நகையை அடகு வைத்து உரம் போட்டவர்களால் நகையை மீட்க முடியவில்லை. இந்தச் சரிவுக்குப் பாமாயில் ஒன்றே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. விளைச்சலும் தேவையும் விலையை ஏற்றி இறக்குவது எங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் ஆலைகளுக்கும் தின்பண்டக் கம்பெனிகளுக்கும் உணவகங்களுக்கும் மலிவான மாற்று எண்ணெய் தடையின்றிக் கிடைக்கும்போது கொப்பரை கேட்டு எங்களைத் தேடி வருபவர் யார்?

இதற்கெல்லாம் முன்பே எங்களை வீழ்த்தியது கஜா. 2018 நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த அந்தப் புயல் ஓர் இரவில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் என 1,100 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. பல ஆண்டு வருமானத்துக்கு அது ஈடாகாது என்றாலும், எடுத்துக்கொண்டு மறுபடியும் பிள்ளை வைத்தோம். நெட்டை ரகம் காய்க்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். கடன் வாங்கி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிள்ளைகள் பாளை விடத் தொடங்கிய நேரத்தில்தான் வரியும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மறுபடியும் எழுந்து நில்லுங்கள் என்று அறிவுரை சொன்ன அரசே நாங்கள் நிற்க வேண்டிய சந்தையைப் பறித்துக்கொண்டது.

புயல் போதாதென்று நோயும் பூச்சியும் சேர்ந்துகொண்டன. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, இன்றும் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே அழைக்கப்படும் அடித்தண்டு அழுகல் எங்கள் தோப்புகளை விட்டு இன்னும் போகவில்லை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது இங்கும் ஓலைகளில் கரும்படலத்தைப் பரப்பி காய்ப்பைக் குறைக்கிறது. இந்த நிலையில் 2025-ல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது நாடே எங்களைப் பணக்காரர்கள் என்று நினைத்தது. மரத்தில் காய் இருந்தவர்களுக்கு ஆறுதல் கிடைத்தது என்பதை மறுக்கவில்லை. கஜாவில் தோப்பை இழந்தவரும், ஈ தின்ற மரத்தோடு நின்றவரும் அந்த விலையைச் செய்தித்தாளில் படித்ததோடு சரி. விலை உயர்ந்ததற்கே காய் குறைந்ததுதான் ஒரு காரணம்.

எங்கள் ஆற்றாமைக்கு வேரே இங்குதான் இருக்கிறது. 2024 செப்டம்பரில் விவசாயிகளுக்காக என்று சொல்லி கச்சா பாமாயில் வரியை மொத்தம் 27.5 சதவீதமாக உயர்த்தினார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். எட்டே மாதத்தில், 2025 மே இறுதியில், எண்ணெய் விலை உயர்வைக் காரணம் காட்டி அதை 16.5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். விலை ஏறினால் நுகர்வோருக்காக வரி உடனே இறங்குகிறது. விலை விழுந்தால் விவசாயிக்காக அது ஏறுவதற்கு இரண்டரை ஆண்டு பிடிக்கிறது. மூன்று ஆண்டு நட்டத்தை ஓர் ஆண்டு விலையில் ஈடுகட்டலாம் என்று காத்திருப்பவனின் கையைத் தட்டிவிடுவதற்கு மட்டும் நிர்வாகத்திடம் இத்தனை வேகம் எப்படி வருகிறது?

வர்த்தகச் சலுகையைத் திரும்பப் பெறுவது இயலாத காரியம், சர்வதேச விவகாரம், கை கட்டப்பட்டிருக்கிறது என்றெல்லாம் எங்களிடம் சொல்லப்படுகிறது. நடந்தவை வேறு கதை சொல்கின்றன. புல்வாமா தாக்குதலுக்கு மறுநாளே, 2019 பிப்ரவரி 15-ல், பாகிஸ்தானுக்கு அளித்திருந்த மிகவும் வேண்டிய நாடு என்ற வர்த்தகத் தகுதியை இந்தியா விலக்கிக்கொண்டது. அந்நாட்டுச் சரக்குகள் மீது 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 5-ல், நம் நாட்டு ஏற்றுமதிக்குத் தந்திருந்த பொது முன்னுரிமைச் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. மனித உரிமைகளைக் காரணம் காட்டி 2010 ஆகஸ்டில் இலங்கைக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. 2017-ல்தான் திருப்பிக் கொடுத்தது. தேவை என்று ஒரு நாடு கருதினால் சலுகையை எடுத்துக்கொள்கிறது. இதுதான் உலக வழக்கம்.

பாமாயில் விஷயத்திலேயே இந்தியா இதைச் செய்திருக்கிறது. மலேசியாவுடனான தனி ஒப்பந்தத்தால் 2019 ஜனவரியில் அந்நாட்டுச் சுத்திகரிக்கப்பட்ட பாமாயிலுக்கு வரி 45 சதவீதமாக இறங்கியது. இந்தோனேசிய எண்ணெய்க்கு அது 50 சதவீதம். இந்த வேறுபாட்டால் மலேசிய எண்ணெய் வந்து குவிந்தது. நம் சுத்திகரிப்பு ஆலைகள் முறையிட்டதும், செப்டம்பரில் 5 சதவீதப் பாதுகாப்பு வரி விதித்து அந்தச் சலுகை ஈடுகட்டப்பட்டது. அதே செப்டம்பர் மாதக் கடைசியில் ஐ.நா. பொதுச்சபையில் மலேசியாவின் அன்றைய பிரதமர் மகாதீர் முகமது காஷ்மீர் விவகாரத்தில் இந்தியாவைக் குறைகூறிப் பேசினார். 2020 ஜனவரி 8-ல் சுத்திகரிக்கப்பட்ட பாமாயில் தாராள இறக்குமதிப் பட்டியலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. உத்தரவில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஆனால் அடி மலேசியாவின் மீது விழுந்தது என்பது வணிகம் அறிந்த அனைவருக்கும் தெரியும். சில மாதங்களில், 2020 மே மாதம், மலேசியா நம்மிடமிருந்து ஒரு லட்சம் டன் அரிசி வாங்க முன்வந்ததாகவும் செய்தி வந்தது. கதவை மூடினால் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆலைக்காக ஒருமுறை, ராஜதந்திரத்துக்காக ஒருமுறை. தென்னை விவசாயிக்காக அந்தக் கதவு ஒருமுறைகூட மூடப்படவில்லை. அந்தக் கட்டுப்பாட்டின் பலனும் துறைமுகங்களை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலைகளுக்கே போனது. கச்சா எண்ணெய் எப்போதும்போல் வந்துகொண்டிருந்தது. 2021 ஜூன் இறுதியில் கட்டுப்பாடும் நீங்கியது.

கொல்லைப்புற வழி ஒன்றும் இருக்கிறது. தெற்காசிய வரியில்லா வர்த்தக உடன்படிக்கையின் கீழ் நேபாளத்திலிருந்து வரும் எண்ணெய்க்குச் சுங்க வரி இல்லை. எண்ணெய்ப் பனை சாகுபடி இல்லாத நேபாளம் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்து, சுத்திகரித்து, நமக்கே ஏற்றுமதி செய்கிறது. முன்வாசலில் வரியை உயர்த்தினாலும் இந்த வழி திறந்திருக்கும் வரை பாதிப் பயன்தான். எண்ணெய் எந்த நாட்டில் விளைந்தது என்பதைப் பார்த்து வரி போட வேண்டியது சாதாரண நியாயம்.

இந்தச் சலுகை எண்ணெயை எங்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து தருவதும் அரசுதான். 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் மானிய விலையில் பாமாயில் பாக்கெட் வழங்கப்படுகிறது. 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கான இந்தத் திட்டத்தின் மானியம் மக்களின் வரிப்பணம். ஏழை வீட்டு அடுப்பில் எண்ணெய் இருக்க வேண்டும் என்ற நோக்கத்தை நாங்கள் வணங்குகிறோம். எங்கள் வீட்டுப் பெண்களும் அந்த வரிசையில் நின்றுதான் வாங்கி வருகிறார்கள். தேங்காய் விற்காமல் தோப்பில் கிடக்கும்போது, அந்தத் தோப்புக்காரர் வீட்டில் மலேசிய எண்ணெயில் தாளிப்பது என்ன நிர்வாகம் என்பதே எங்கள் கேள்வி.

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி, ஆண்டுக்குச் சுமார் 160 லட்சம் டன், அதில் ஏறத்தாழப் பாதி பாமாயில், தேங்காய் எண்ணெயை மட்டும் வைத்து நாட்டுக்குச் சமைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, அப்படி நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் வெளிநாட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதை 2022-ல் அனைவரும் பார்த்தார்கள். அந்த ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா தன் மக்களுக்கு எண்ணெய் வேண்டும் என்று பாமாயில் ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23 வரை தடை நீடித்தது. இங்கே மளிகைக் கடை விலைப் பலகை தினமும் மாறியது. நமக்குத் தேவைப்படும் நாளில் அவர்கள் கதவை மூடலாம், நம் விவசாயி அழியும் நாளில் நாம் மூடக் கூடாது என்பது என்ன ஒப்பந்தம்?

தென்னைக்கு மட்டும் இந்தப் பாராமுகம் என்பது மேலும் வருத்தம் தருகிறது. எண்ணெய்ப் பனை சாகுபடியைப் பெருக்க 2021 ஆகஸ்டில் 11,040 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் அறிவிக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை விழுந்தால் எண்ணெய்ப் பனை விவசாயிக்கு வித்தியாசத் தொகையை ஈடுகட்டும் ஏற்பாடும் அதில் உண்டு. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்திலிருந்து விவசாயியைக் காக்க வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதே அதன் பொருள். பல தலைமுறையாக நிற்கும் தென்னைக்கு அதே பாதுகாப்பு ஏன் இல்லை?

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ரேஷன் கடையில் தேங்காய் எண்ணெய் வரும் என்று தேர்தல்தோறும் மேடையில் கேட்டோம். கொப்பரைக் கொள்முதல் ஆண்டு முழுவதும் நடக்கும் என்றார்கள். விலை விழுந்து வியாபாரிக்கு விற்று முடித்த பிறகே கொள்முதல் தொடங்கிய ஆண்டுகள் உண்டு. தொடங்கினாலும் ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் களம் இல்லாத சிறு விவசாயி எங்கே காய வைப்பான்? அவன் உரிகாயாகவே வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறான். ஒப்பந்தங்கள் மறு ஆய்வு செய்யப்படும் என்பதும் பழைய வாக்குறுதிதான். ஆசியான் உடன்படிக்கையை மறு ஆய்வு செய்யும் பேச்சு சில ஆண்டுகளாக நடந்து வருகிறது. அந்த மேசையில் தென்னை விவசாயியின் பெயர் உச்சரிக்கப்படுகிறதா என்பதே எங்களுக்குத் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. முதலாவது, ஒப்பந்தத்தை மீறாமலேயே இன்று செய்யக்கூடியது. கச்சா பாமாயிலுக்கு 37.5 சதவீதம் வரை வரி விதிக்க உடன்படிக்கையே இடம் தருகிறது. கொப்பரையின் சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும்போது வரி தானாகவே அந்த உச்சத்துக்கு ஏறும் என்று நிரந்தர விதி செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் நாங்கள் டெல்லி வரை போய்க் கெஞ்ச வேண்டிய நிலை இருக்கக் கூடாது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் நுகர்வோர் நலனுக்காக அது குறைவதை நாங்கள் எதிர்க்கவில்லை.

இரண்டாவது, மறு ஆய்வில் பாமாயிலைச் சலுகைப் பட்டியலிலிருந்து முழுவதுமாக விலக்க வேண்டும். அதற்கு உடன்பாடு கிடைக்காவிட்டால், இறக்குமதி குவியும்போது சலுகையை நிறுத்திவைக்கும் பாதுகாப்புப் பிரிவை ஆலைகளுக்காகப் பயன்படுத்தியதைப் போலவே விவசாயிக்காகவும் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது, அண்டை நாடுகள் வழியாக வரும் எண்ணெயின் உண்மையான பிறப்பிடத்தைச் சோதித்து வரி விதிக்க வேண்டும்.

நான்காவது, ரேஷன் திட்டத்தில் தேங்காய், கடலை, எள் எண்ணெய்களுக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நாளில் வேண்டாம். தென்னை விளையும் மாவட்டங்களில், விலை விழும் மாதங்களில் தொடங்கினால் போதும். கொள்முதலும் விற்பனையும் அங்கேயே முடிந்துவிடும். ஐந்தாவது, கொப்பரைக் கொள்முதலை ஆண்டு முழுவதும் திறந்து வைத்து, ஒவ்வொரு ஒன்றியத்திலும் சிறு விவசாயிகளுக்குப் பொது உலர்களமும் உலர்த்தும் எந்திரமும் தர வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. வரியை ஒரே இரவில் மாற்றும் அதிகாரம் இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டோம். ஒரு நாட்டின் சலுகையை மறுநாளே திரும்பப் பெறும் உறுதியையும் பார்த்துவிட்டோம். தண்ணீர் வராத கடைமடையில் அரசின் சொல்லை நம்பி நெல்லிலிருந்து தென்னைக்கு மாறியவர்கள் நாங்கள். புயலுக்குப் பிறகும் அதே சொல்லை நம்பித்தான் மீண்டும் நட்டோம். அடுத்த விலைச் சரிவு வருவதற்குள் வரி விதியும் கொள்முதலும் தயாராக இருக்க வேண்டும். உரியவர்கள் இனியும் காலம் தாழ்த்தாமல் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும்.